எண்ணூர்ச் சேறும் எட்டு மாதக் குடித்தனமும்

எண்ணூருக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, கடலைப் பார்த்து நிற்பது. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிழக்கே திரும்பினால் அலை தெரியும், நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுகளின் கருங்கற்கள் தெரியும். பறவைகள் இருப்பது முதுகுக்குப் பின்னால், மேற்கே. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கூடிக் கடலைத் தொடும் கழிமுகத்தில், கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது சில மணி நேரம் தலைகாட்டிவிட்டு மறுபடி மூழ்கிப்போகும் சேற்றுத் திட்டுகளில்தான் அவை இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிற ஒரு பறவை இங்கே தேடுவது கடலை அல்ல, மணலையும் அல்ல. விரற்கடை ஆழத்தில் ஒளிந்திருக்கும் ஒரு புழுவை.

மணல் இங்கே ஏன் இல்லை என்பதற்குத் தனிக் கதை உண்டு. சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1870களில் தொடங்கியது. ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிற கரை இது. துறைமுகச் சுவர் அதை மறித்ததும் தெற்கே மெரினா ஆண்டுக்கு ஆண்டு அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றுகொண்டே போனது. தெருக்கள் போயின, குப்பங்கள் பின்வாங்கின. தடுக்கக் கல் கொட்டினார்கள், கொட்டிய கல்லும் இறங்க மேலும் கொட்டினார்கள். மெரினாவின் அகலத்தைப் பார்த்துப் பெருமைப்படும் ஊர், அது யாருடைய கரையிலிருந்து கழிக்கப்பட்டது என்று கேட்டுக்கொள்வது குறைவு.

அந்தக் கற்களிலும் பறவை உண்டு. திருவொற்றியூர்ப் பக்கம் தூண்டில் வளைவின் நுனியில் ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஈரக் கல்லில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் சிறு உள்ளானும், கறுத்த நிறத்துக் கடற்கரைக் கொக்கும் தென்படும். அதிர்ஷ்டம் இருந்தால் கூழாங்கல்லையும் பாசியையும் அலகால் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளானையும் பார்க்கலாம். ஆனால் இவை ஒன்றிரண்டுதான். கூட்டம் வேண்டுமென்றால் ஒன்று காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக வேண்டும், அல்லது சேற்றுக்குப் போக வேண்டும்.

காசிமேட்டில் விடியற்காலை படகுகள் திரும்பும் நேரத்தில் கடற்காக்கைகளின் இரைச்சலில் ஏலக் குரலே அமுங்கிப்போகும். பெரும்பாலானவை பழுப்புத்தலைக் கடற்காக்கைகள். பெயரைப் படித்துவிட்டுப் பழுப்புத் தலையைத் தேடுகிறவர் டிசம்பரில் ஏமாந்துபோவார், ஏனென்றால் குளிர்காலத்தில் அதன் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மட்டும் மை தடவியதுபோல ஒரு பொட்டு இருக்கும். லடாக், திபெத் போன்ற உயர்ந்த மேட்டுநிலங்களின் ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பறவை இது. மார்ச் பிறந்ததும் பழுப்பு முக்காடு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கும். அரை முக்காடு, முக்கால் முக்காடு என்று ஒரே கூட்டத்தில் எல்லா நிலையும் தெரியும். முழு முக்காட்டோடு நிற்பது புறப்படத் தயாராகிவிட்டது என்று பொருள்.

இனிச் சேறு. சாக்கடை நாற்றம், கால் புதையும் அருவருப்பு என்று நாம் ஒதுக்குகிற அந்தக் கருஞ்சேறு உண்மையில் அடுக்கடுக்கான சாப்பாட்டுக் கடை. ஆற்றின் வண்டலும் கடலின் உப்பும் கலக்கும் இடத்தில் புழு, சிறு நண்டு, நத்தை, மட்டிக் குஞ்சு, இறால் குஞ்சு என்று உயிர் மண்டுகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில் வாழ்கிறது. அதற்கேற்றபடி ஒவ்வொரு பறவையின் அலகும் காலும் அளவெடுத்துச் செய்தவை போல இருக்கின்றன.

உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். மேற்பரப்பில் அசைகிறதை மட்டுமே அது பிடிக்கிறது. பெயரே உப்பளத்தில் பிறந்தது போலிருக்கிறது. கொசு உள்ளான் தையல் இயந்திரத்தின் ஊசி போல நிற்காமல் குத்திக்கொண்டே போகும். அதன் எடை ஏறக்குறைய 25 கிராம், இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரை அளவு. அந்தச் சர்க்கரை சைபீரியத்தின் மரமில்லாக் குளிர்வெளியான துந்திரத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் பழகவில்லை. பவளக்காலியும் பச்சைக்காலியும் கணுக்கால் ஆழத் தண்ணீரில் நடந்தபடி இரை தேடும். கருவால் மூக்கன் அடிவயிறு நனைய இறங்கி, நீண்ட நேரான அலகை முகம் வரைக்கும் சேற்றில் செருகும். எல்லாருக்கும் ஆழமாகத் துளைப்பது கோட்டான்.

கோட்டான் என்றால் பலருக்கு ஆந்தை நினைவுக்கு வரும். இது வேறு. கோழி அளவு உடல், கீழ்நோக்கி அரிவாள் போல வளைந்த அலகு. பெட்டைக்கு அந்த அலகு 15 சென்டிமீட்டரைத் தாண்டும். நண்டு வளைக்குள் அதை விட்டு வளைத்து எடுக்கும் லாவகத்தைப் பார்க்க ஒரு காலை முழுவதும் செலவழிக்கலாம்.

அலகு வெறும் குச்சி அல்ல. உள்ளான் இனங்களின் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. சேற்றுக்குள் ஒரு புழு நெளிந்தால் கண்ணால் பார்க்காமலே அது தெரிகிறது. மூக்கன் போன்ற நீள அலகுப் பறவைகளால் வாயை முழுதும் திறக்காமல் மேலலகின் நுனியை மட்டும் தூக்க முடியும். சேற்றுக்குள் புதைந்த நிலையிலேயே இரையைக் கவ்வ இந்த ஏற்பாடு. ஆகவேதான் ஒரே சேற்றுத் திட்டில் ஆறேழு இனங்கள் தோளோடு தோள் உரசி மேய்ந்தாலும் பெரிய சண்டை வருவதில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாடியில் சாப்பிடுகிறது.

இந்தப் பறவைகளைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் 'வெளிநாட்டு விருந்தாளிகள்' என்று எழுதுகின்றன. எனக்கு இந்தச் சொல்லில் நீண்ட நாள் மனத்தாங்கல். துந்திரத்தில் கோடை என்பது இரண்டு மாதச் சங்கதி. ஜூனில் முட்டை, ஜூலை முடிவதற்குள் புறப்பாடு. முதல் உள்ளான்கள் ஆகஸ்ட் இறுதியிலேயே நம் கரைக்கு வந்துவிடுகின்றன. திரும்பிப் போவது ஏப்ரலில். வருடத்தில் எட்டு மாதம் இங்கே குடித்தனம், இரண்டு மாதம் அங்கே பிரசவம், மிச்சம் வழிப் பயணம். பிரசவத்துக்குத் தாய்வீடு போய்வருகிறவளை யாராவது கணவன் வீட்டில் விருந்தாளி என்பார்களா? போதாததற்கு, முதல் ஆண்டுக் குஞ்சுகளில் சில வடக்கே போகாமல் மே, ஜூன் வெயிலிலும் இங்கேயே தங்கிவிடுகின்றன.

இவை வரும் வழிக்கு மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று பெயர். ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை ஏறக்குறைய 30 நாடுகளைத் தொடும் பாதை அது. இமயத்தைத் தாண்டியோ சுற்றியோ வந்து, கிழக்குக் கரையோரமாகச் சிலிகா, பழவேற்காடு, எண்ணூர், கோடியக்கரை என்று இறங்கி ஏறிப் போகின்றன. பிரபலமானவை ஏரிகளும் சரணாலயங்களும்தான். எண்ணூர் நடுவே இருக்கும் சிறு ஸ்டேஷன். விரைவு வண்டிக்குச் சிறு ஸ்டேஷன் எதற்கு என்று கேட்கலாம். வழியில் பெரிய இடத்தில் தண்ணீர் கூடிப்போனால் பறவைக்கு ஒதுங்க அதுதான் இருக்கிறது.

தண்ணீரின் ஆழம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குளிர்காலப் பறவை என்றதும் நவம்பரிலேயே கிளம்பிவிடுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. ஆரணியாறும் கொசஸ்தலையும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கழியை நிரப்பும்போது, கால் நீளம் மூன்று அங்குலம் உள்ள பறவைக்கு நிற்க இடம் இல்லை. அவை உப்பளங்களுக்கும் வயல்களுக்கும் சிதறிவிடும். மழை ஓய்ந்து, ஜனவரியில் தண்ணீர் வடிந்து, சேறு வெளியே வரும்போதுதான் உண்மையான பருவம். பொங்கலை ஒட்டிய நாட்களில் தமிழகம் முழுவதும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துவதும், ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் வைக்கப்பட்டிருப்பதும் பறவையாளர்களுக்கு வசதியான தற்செயல். பிப்ரவரி இன்னும் நல்லது.

நாளுக்குள்ளும் இதே கணக்குதான். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அமாவாசை, பௌர்ணமி நாட்களிலேயே ஒரு மீட்டர் அளவுதான். குஜராத் கரையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் தட்டையான சேற்றில் ஒரு சாண் தண்ணீர் இறங்கினால் ஏக்கர் கணக்கில் மேய்ச்சல் நிலம் திறக்கும். கழிக்குள் வற்றம் கடலைவிடத் தாமதமாக வரும். முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தத் தாமதம் மாறும். ஆகவே அச்சிட்ட அட்டவணையைவிட, வலை கட்டக் காத்திருக்கும் மீனவரிடம் கேட்பது மேல். "எப்போது வற்றும், அண்ணா?" என்று கேட்டால் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். ஓடத்தின் கயிறு எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வார்.

மீனவருக்கும் பறவைக்கும் ஒரே சேறு, ஒரே இறால். இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பற்களில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். உள்ளான் அலகு நுனியால் செய்வதை அவர்கள் விரல் நுனியால் செய்கிறார்கள். கண்ணுக்கு வேலை இல்லை, தொட்டு அறிவதுதான். பறவையியல் புத்தகத்தின் ஒரு அத்தியாயம் அந்த விரல்களில் இருக்கிறது. அவர்கள் 'இந்தப் பக்கம் சேறு செத்துப்போய்விட்டது' என்று காட்டுகிற இடத்தில் நான் பைனாகுலரைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு கொசு உள்ளான்கூட இருக்காது.

சேறு எப்படிச் சாகும்? பல வழிகள் உண்டு. எண்ணூரில் ஏறக்குறைய எல்லா வழியும் நடந்திருக்கின்றன.

பழையது சாம்பல். கழியைச் சுற்றி அனல்மின் நிலையங்கள். நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்காகக் கசிந்து ஆற்றில் கலந்தன. மீனவர்கள் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் தீர்ப்பளித்தது. சாம்பல் படிந்த இடம் தூரத்திலிருந்து பார்க்கச் சேறு போலவே இருக்கும். காலை வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்: வழுக்காது, குழையாது, காய்ந்தால் பாளம் பாளமாக இறுகும். புழு வளை தோண்ட முடியாத சேற்றில் அலகுக்கு என்ன வேலை?

புதியது காக்கா ஆழி. மீனவர்கள் சூட்டிய பெயர். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த கறுப்புச் சிப்பி இது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் தண்ணீரோடு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. எண்ணூரிலிருந்து பழவேற்காடு நோக்கி ஆற்றின் அடியில் கம்பளம் விரித்ததுபோலப் பரவிவிட்டது. ஒன்றோடொன்று நார் பின்னி ஒட்டிக்கொள்வதால் அதன் அடியில் இருக்கும் சேறு மூடிபோட்ட பாத்திரம். மஞ்சள் மட்டி போய்விட்டது, இறாலுக்குப் புதைய இடம் இல்லை, தடவுகிற விரல் கிழிகிறது. சிப்பி என்றால் பறவைக்கு நல்லதுதானே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சிப்பியை உடைத்துத் தின்னும் பறவை வேறு, சேற்றைத் துளைக்கும் பறவை வேறு. எண்ணூர்க் கழியில் பெரும்பான்மை இரண்டாவது வகை.

புழுவே விலைபோகும் சரக்கானது இன்னொரு சங்கதி. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குச் சத்துணவு சேற்றுப்புழுதான். எண்ணூர், பழவேற்காடு வட்டாரத்தில் மண்ணைத் தோண்டிப் புழு எடுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மீன் குறைந்துபோன ஆற்றில் அது ஒரு பிழைப்பு. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பறவையின் தட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்பதும் உண்மை.

எண்ணெயைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளிய படங்கள் அப்போது நாடு முழுவதும் சுற்றின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிக்குள் வந்தது. கூழைக்கடாக்கள் மார்பும் இறக்கையும் கறுத்து நின்றன. இறகின் வேலை தண்ணீரை உள்ளே விடாமல் வைத்திருப்பது. எண்ணெய் ஒட்டினால் இறகுகள் பிரிந்து தோல் வரை நனையும். கோதிச் சுத்தம் செய்யப் பார்த்தால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். கூழைக்கடா பெரிய பறவை, வெள்ளைப் பறவை, கறை தெரிந்தது, படம் எடுத்தார்கள். பழுப்பு நிற உள்ளானின் மேல் படிந்த எண்ணெயை யாரும் எண்ணவில்லை. அந்தப் புயல் வந்தது அவை இந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் மாதத்தில்.

போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை ஓடுகிறது. ஆனால் எனக்குப் பிடித்தது மின்சார ரயில். கும்மிடிப்பூண்டி வண்டியில் எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகருக்குள் நுழைவதற்கு முன் பாலம் ஒன்று வரும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் சிவந்த நெடுங்கால்களோடு பவளக்கால் உள்ளான்கள் (பவளக்காலி வேறு) நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். டிக்கெட் விலைக்கு இதைவிட மலிவான பறவைப் பயணம் சென்னையில் இல்லை. இறங்கி நடப்பவர்கள் அடையாள அட்டை வைத்திருப்பது நல்லது. சுற்றிலும் துறைமுகமும் மின்நிலையமும் எரிவாயு முனையமும் என்பதால் கேமராவைக் கண்டால் காவலாளிகளுக்கு ஐயம் வரும். ஒருமுறை ஒரு தொழிற்சாலைச் சுவரோரம் என்னை நிறுத்திய காவலாளி, "இங்கே என்ன பறவை இருக்கிறது, சார்?" என்று சிரித்தார். ஸ்கோப்பை அவரிடம் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் 60, 70 கருவால் மூக்கன்கள். அவர் மூன்று வருடமாக அந்தச் சுவரைக் காத்துக்கொண்டிருந்தார்.

பார்க்கும்போது நிறத்தை நம்ப வேண்டாம். எல்லாமே சாம்பலும் பழுப்புமாகக் குளிர்கால உடையில் இருக்கும். அலகின் நீளம், காலின் நிறம், நடையின் தோரணை, இவைதான் அடையாளம். நிபுணர்களே அவ்வப்போது கணக்கை மாற்றுகிறார்கள். ஒரே இனம் என்று நாம் படித்த சிறு மணல் உப்புக்கொத்தியைச் சைபீரியம், திபெத் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கூட்டம் முழுவதும் காரணமில்லாமல் ஒரே நொடியில் எழும்பிப் புகைபோலத் திரும்பினால், கீழே பார்க்காமல் மேலே பாருங்கள். பைரி, சேற்றுப் பூனைப்பருந்து போன்ற வேட்டைப் பறவை வந்திருக்கும்.

பூநாரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பார்கள். பூநாரைக்குப் பழவேற்காடு போவதுதான் முறை. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உப்புநீர் ஏரி அது. தமிழகப் பகுதி 1980 முதல் சரணாலயம். கட்ச் ரண் உப்புவெளியில் பெருமளவில் குஞ்சு பொரிக்கும் அந்தப் பறவை, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் அழகுக்கு ஈடில்லை. தண்ணீர் தாழ்ந்த ஆண்டுகளில் எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கமும் சின்னக் கூட்டங்கள் வரும். மின்நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால் இளஞ்சிவப்புக் கால்கள் தெரியும் படம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் இந்தக் கழியின் உடல்நிலையைப் பூநாரையை வைத்துக் கணிக்க முடியாது. அது வடிகட்டித் தின்பது, இடம் பிடிக்காவிட்டால் வேறு நீர்நிலைக்குப் பறந்துவிடும். நான் எண்ணுவது பவளக்காலியையும் கோட்டானையும்தான்.

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே கிடப்பது காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறும் கால்வாயும். அங்குள்ள துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரிக்கும் பிறகு 2023 செப்டம்பருக்கும் அறிவிக்கப்பட்டு இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. ஏரியும் கழியும் பறவைக்கு இரண்டல்ல. இங்கே ஏற்றம் வந்து சேறு மூழ்கினால் ஒதுங்கி நிற்க அங்கே ஒரு மேடு வேண்டும், அங்கே வெள்ளம் என்றால் இங்கே ஒரு திட்டு வேண்டும். முன்பு அந்த ஒதுங்கிடங்கள் உப்பளங்களாக இருந்தன. பாத்திகள் போய்க் கிடங்குகளும் நிலக்கரி மேடுகளும் வந்தபின், ஏற்ற நேரத்தில் பறவைகள் சாம்பல் குட்டையின் கரையில் நிற்பதைப் பார்க்கிறேன்.

மார்ச் மாதம் இவற்றுக்குத் தேர்வு மாதம். வடக்கே போகுமுன் உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டும். சில இனங்கள் தம் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொண்டுதான் கிளம்புகின்றன. அந்த வாரங்களில் ஒரு உள்ளான் ஒவ்வொரு வற்றத்தையும் பசியோடு பயன்படுத்தும், இரவிலும் மேயும். நாய் துரத்தினாலோ நாம் படத்துக்காக நெருங்கினாலோ எழும்பிப் பறப்பதில் செலவாகும் கொழுப்பு, இமயத்துக்கு அந்தப் பக்கம் குறைகிற கொழுப்பு. அதனால் மார்ச்சில் நான் கரை ஓரத்தோடு நின்றுவிடுகிறேன்.

புறப்பாடு பெரும்பாலும் அந்தி நேரத்தில். மேய்ச்சலில் திடீரென்று கூப்பாடு கூடும். பத்து, இருபது பறவைகள் எழும்பி ஒரு வட்டம் போடும், சில மனம் மாறித் திரும்பி இறங்கும், மற்றவை இன்னும் உயரப்போய் வரிசை கட்டி வடமேற்கே திரும்பும். சில வாரங்களில் காசிமேட்டுக் கடற்காக்கைகளும் முக்காடு நிறைந்து கிளம்பிவிடும். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்படும்போது, அவற்றின் மேல் உட்கார ஊர்க் காக்கைதான் மிச்சம். கழியில் முதலாண்டுப் பவளக்காலிகள் நாலைந்து, வடக்கே போகும் வயது வராமல், வெயிலில் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும்.